புழு கேட்ட ஆலோசனை

மேலதிகாரியின் மின்னஞ்சலைத் திறப்பதற்காகச் இடுப்பில் கட்டிய சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்ட மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவரைத்தான் கட்டியிருக்கிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுக்கு மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், மெனிக்கே அம்மா என்ற சிங்களப் பெண்மணியின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் அது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. இன்டர்நெட் என்பது டெலிபோன் வயருக்குள்ளால் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருமப்பா, ஒருக்கா ஓடி வாரும்" என்றார் இவர். 

யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதாக்கும் என்று துருவல் கையோடு ஓடினேன். இவர் கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் உட்காராமல் எழுந்து நின்றார்.

"அத்தியட்சகர் என்னட்டை ஆலோசனை கேட்டிருக்கிறார்."

இவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞர். மேலதிகாரியான அந்த அத்தியட்சகர் எட்டு வருடத்தில் இவரிடம் நேரம்கூடக் கேட்டதில்லை. ஆனால் திரையில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது: "எப்படிச் சுகம்? உங்கள் ஆலோசனையைப் பெறுவதற்காக இந்தக் கோப்பை அனுப்புகிறேன்." கீழே ஒரு கோப்பு தொங்கியது.

"திறந்து பாக்கிறதுதானே?"

"திறக்கலாமோ? றகசியமான விசயமாய் இருந்தால்?"

"அப்ப திறவாதேங்கோ."

"ஆலோசனை கேட்ட மனுசனுக்குப் பதில் சொல்லாமல் விடுறதோ? மரியாதையே அது?"

"ஐயோ கடவுளே, திறவுங்கோவன்!"

திறக்கச் சொன்னவள் நான்தான். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை. பழி முழுவதையும் அந்த மனிதர் தலையிலேயே கட்டியிருந்தேன். இன்று எழுதிவிட்டேன், மனம் லேசாக இருக்கிறது.

இவர் அறைக்குள் போய்க் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து, கதிரை நுனியில் உட்கார்ந்து, திறந்தார்.

பக்கத்து வீட்டுப் பலாமரக் கிளை தன் கூரைமேல் சாய்வதாக அத்தியட்சகர் நகரசபைக்கு எழுதிய முறைப்பாடு அது. இவர் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து இரண்டு பக்க ஆலோசனை தயாரித்தார். படவரைஞர் அல்லவா? கிளையை எந்த இடத்தில், எந்தச் சரிவில் தறிக்க வேண்டும் என்று படமும் கீறி அனுப்பினார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அத்தியட்சகர் இவரை ஒரு மாதிரிப் பார்த்தாராம். தன் கூரைமேல் சாயும் பலாமரம் ஒரு படவரைஞருக்கு எப்படித் தெரியும் என்று அந்த மனிதர் குழம்பிப்போயிருந்தார்.

நான் படிப்பிக்காத புழு

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் அப்போது நான் விலங்கியல் படிப்பித்தேன். மண்புழுவை மெழுகுத் தட்டில் கிடத்தி, ஊசி குத்தி, பிளந்து காட்டுவது என் தொழில். கொழுக்கிப் புழு, நாடாப் புழு, கீரிப் புழு எல்லாவற்றுக்கும் பரீட்சைக்குப் படம் கீறத் தெரியும். தோலும் தசையும் இல்லாத ஒரு புழு டெலிபோன் வயரால் வரும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கவில்லை.

இப்போது எனக்குத் தெரியும். வைரஸ் என்பது இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு வருவது. அந்தக் கோப்பை யாராவது கொண்டுபோனால்தான் அதற்குப் பயணம். புழுவுக்கு அந்தத் தயவு தேவையில்லை. ஒருமுறை திறந்தால் போதும், உங்கள் முகவரிப் புத்தகத்தைத் தானே தேடி எடுத்து, உங்கள் பெயரிலேயே எல்லாருக்கும் தன்னை அனுப்பிவிடும்.

எங்களுக்கு வந்த புழு இன்னும் ஒரு படி மேலே. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை என்று யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. போகும்போது அந்தக் கம்பியூட்டரில் கிடக்கும் ஏதாவது ஒரு கடிதத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு போகும். போன இடத்தில் "உங்கள் ஆலோசனை வேண்டும்" என்று பணிவாக நிற்கும்.

வேறு எந்தச் சனத்திடமும் இந்தப் புழு இவ்வளவு வெற்றி பெற்றிருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களிடம் கடன் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். ஆலோசனை கேட்டால் கதவைத் திறந்து, கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணியும் தருவார்கள்.

பிறிட்ஜை ஆருக்கும் குடாதை

கோப்பைத் திறந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, டெலிபோன் அடித்தது. டெலிபோன் கீழே மெனிக்கே அம்மாவின் விறாந்தையில் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் படியேறி எங்கள் கம்பியூட்டருக்கு வந்தது. நான் இறங்கிப் போய் எடுத்தேன். கொழும்பிலிருந்து என் தங்கை ராணி.

"அக்கா, பிறிட்ஜை ஆருக்கும் குடுத்துப்போடாதை. நான் எடுக்கிறன்."

"என்ரை பிறிட்ஜை நான் ஏனடி குடுக்கிறன்?"

"பின்னை என்ன, கனடாவுக்குக் காவிக்கொண்டு போகப்போறியே?"

"ஆர் கனடா போறது?"

 ராணி மெதுவாகச் சொன்னாள்: "அத்தான் கடிதம் போட்டிருக்கிறார் அக்கா. ஆலோசனை கேட்டு. நான் பிறின்ற் எடுத்து வைச்சிருக்கிறன். உனக்குத் தெரியாதே?"

"வாசி" என்றேன்.

கனடாத் தூதரகத்துக்கு எழுதிய கடிதம். இவருடைய அலுவலக ஆங்கிலத்தில், எண் போட்ட பந்திகளில். கண்டியில் எத்தனை வருடம், எந்தப் பதவி, எத்தனை முறை சோதனையில் நிறுத்தி வைத்தார்கள் என்றெல்லாம். நாலாவது பந்தியில், கலியாணத்துக்கு முதல், இளம் வயதில், கலவரத்தின்போது ஒரு பகல் முழுக்க ஓர் அலுமாரிக்குள் ஒளித்து நின்றதாக எழுதியிருந்தார்.

அது எனக்குத் தெரியாது. இருபது வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள் நான். அவருக்குப் புளிச்சாதம் ஒத்துவராது என்று தெரியும், இடது காலில் சேற்றுப்புண் வரும் மாதம் தெரியும். அலுமாரி தெரியாது.

"கடைசிப் பந்தி உன்னைப் பற்றி அக்கா" என்றாள் ராணி. "'எனது மனைவி இதற்கு' எண்டு எழுதிப்போட்டு நிப்பாட்டியிருக்கிறார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. முற்றுப்புள்ளியும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டேன், கறிக்கு உப்புப் போடமாட்டேன். அன்று மத்தியானம் மூன்று கறிக்கும் உப்பு இல்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவினார். ஏதோ தெரிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்கும். எது என்று கேட்கத் துணிவில்லை.

நானும் கேட்கவில்லை. அவர் வாய் திறக்கட்டும் என்று இருந்தேன். வீட்டை விட்டு, வேலையை விட்டு, நாட்டை விட்டுப் போவதா இல்லையா என்று முடிவெடுக்கும் மனிதர் பக்கத்தில் படுத்திருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஊரெல்லாம் கேட்டாயிற்று, எனக்கு மட்டும் அழைப்பிதழ் இல்லை.

ஆலோசனைகள் வந்து குவிந்தன

அன்று பின்னேரத்துக்குள் பதில்கள் வரத் தொடங்கின. ரொறன்ரோவிலிருந்து என் தம்பி, பனிக்கு முதல் வந்துவிடும்படியும் தடித்த காலுறை கனடாவிலேயே மலிவு என்றும் எழுதினான். இவருக்குப் படிப்பித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், போவது பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கடிதத்திலிருந்த மூன்று இலக்கணப் பிழைகளைத் திருத்தி அனுப்பியிருந்தார். முடியாத அந்த வசனத்துக்கு நேரே, "எழுவாய் உண்டு, பயனிலை எங்கே?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

மெல்பேர்னிலிருந்த மெனிக்கே அம்மாவின் மகனும் எழுதியிருந்தான். அவனுடைய கடிதங்கள் எங்கள் கம்பியூட்டருக்குத்தான் வரும். ஒவ்வொரு ஞாயிறும் மெனிக்கே அம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, மேலே வந்து உட்காருவார். ஆங்கிலத்தில் உள்ளதை நான் சிங்களத்தில் வாசித்துச் சொல்ல வேண்டும். அன்றும் வந்து உட்கார்ந்தார்.

மகன் எழுதியிருந்தது இதுதான்: மேல்மாடி ஆட்கள் கனடா போகிறார்களாம், அங்கே குளிர், மெல்பேர்னுக்கு வரச்சொல்லுங்கள். நல்ல ஆட்கள், போவது கவலைதான். ஆனால் அம்மா தனியே இருக்க வேண்டாம், இப்போதே வேறு ஆட்களைப் பாருங்கள்.

என்னை வெளியேற்றும் கடிதத்தை நானே வாசிக்க வேண்டியிருந்தது.

"மெல்பேர்னில் நல்ல வெயிலாம்" என்றேன்.

மெனிக்கே அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு நீளத்துக்கும் வெயிலா?"

"கடும் வெயில்" என்றேன். பொய் சொன்ன வாய்க்கு வெட்கமாக இருந்தது.

திகனயிலிருந்து வந்த வைத்தியர்

இது புழுவின் வேலை என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் அறிந்து இவர் கூப்பிட்டிருக்க, நான் பாடசாலை விட்டு வந்தபோது றிஸ்வி வந்திருந்தார். முதலில் ரேடியோ திருத்தியவர், பிறகு ரீவி, அப்போது கம்பியூட்டர். திகனயில் தம்பியோடு சேர்ந்து ஒரு கடை வைத்திருந்தார். கண்டியில் உள்ள கம்பியூட்டர்களுக்கெல்லாம் அந்த வாரம் இதே வருத்தம் என்றார்.

"சேர், இந்தக் கோப்புக்கு ரெண்டு வால் ஈக்கிது, பாத்தீங்களா? மொத வால் கடிதத்துக்குள்ளது. அதப் பாத்து ஏமாந்துட்டீங்க. ரெண்டாவது வால்தான் ஓடுற சாமான். அதத் தொட்டாப் போதும், வேல முடிஞ்சிது."

"எங்கடை பெரியவர் அனுப்பினதெண்டுதானே..." என்று இவர் இழுத்தார்.

"தெரியாதவன் அனுப்பினா யாரு தொறப்பாங்க, சேர்? தெரிஞ்சவங்க பேருலதானே வரும். சொந்த வாப்பா அனுப்பினாலும் ஒரு போனப் போட்டு, 'நீங்கதான் அனுப்பினீங்களா'ண்டு கேளுங்க. கேட்டுப்போட்டுத் தொறங்க."

முகவரிப் புத்தகத்தின் தலையில் ஒரு பொய்ப் பெயரைப் போட்டால் புழு அதில் தடுக்கி விழும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, இவர் அதையும் செய்து வைத்திருந்தார். றிஸ்வி சிரித்த சிரிப்பில் அவர் குடித்த தேத்தண்ணி மூக்கில் ஏறியது. "புலு என்ன, குருட்டுப் புலுவா சேர்? தாண்டிப் போகத் தெரியாதா?"

வைரஸ் பிடிக்கும் புரோகிராம் இருக்கிறதுதானே என்று நான் கேட்டேன். இருந்தது. வாங்கிய நாளுக்குப் பிறகு அதைப் புதுப்பிக்கவேயில்லை. "போன வருசத்துக் கள்ளன்ட போட்டோவ வச்சிக்கிட்டு இந்த வருசத்துக் கள்ளனத் தேடுது, டீச்சர். கெழமைக்கு ஒருக்காப் புதுசு எறக்கணும்" என்றார். பிறகு டெலிபோன் வயரைப் பிடுங்கினார். முதல் வேலை அதுதானாம், புழு வெளியே போகிற வழியை அடைப்பது. எங்கள் புழு போகவேண்டிய இடத்துக்கெல்லாம் முதலே போய்விட்டது என்பது வேறு கதை.

ஏதோ ஒரு மருந்து புரோகிராம் கடையில் இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்க, றிஸ்வி கீழே இறங்கி டெலிபோன் எடுத்தார். லைன் சரியில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"புலு! புலுடா! ஊட்டுக்குள்ள பூந்துட்டு! இங்க ஈந்துதான் கொலும்புக்கும் போயீக்கிது! ஆமா, மேல் மாடிலதான் ஈக்கிது!"

கோ கொட்டியா?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் ழகரம் என்று ஒன்று இருக்கிறது, அதை உச்சரிப்பவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்து எங்களுக்குப் புழு 'புளு'. றிஸ்விக்குப் 'புலு'. பாவம் மெனிக்கே அம்மா, அவருக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் நாலைந்துதான். சாப்பாடு, தண்ணி, சுகமா. அந்த நாளில் இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்திருந்த இன்னொரு தமிழ்ச் சொல், புலி.

புலி வீட்டுக்குள் புகுந்து, மேல்மாடியில் இருந்து, கொழும்புக்கும் போயிருக்கிறது என்று கேட்டால் எந்த மனிசிக்குத்தான் நெஞ்சு அடைக்காது?

"கொட்டியா! கொட்டியா!" என்று மெனிக்கே அம்மா முற்றத்துக்கு ஓடினார். கொட்டியா என்றால் சிங்களத்தில் புலி.

சாவடியிலிருந்து இரண்டு சிப்பாய்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. துப்பாக்கியை நீட்டியபடி, "கோ கொட்டியா?" என்று கத்தினான். எங்கே புலி?

றிஸ்வி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "கம்பியூட்டருக்குள்ளே."

அந்தச் சிப்பாய் உடனே துப்பாக்கியைக் கம்பியூட்டருக்குத் திருப்பினான். சத்தியமாக. "வெளியே எடு!" என்றான்.

"அதைத்தான் எடுக்கிறேன் ஐயா, அரை மணித்தியாலம் பிடிக்கும்" என்றார் றிஸ்வி.

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ! மேசையில் கிடந்த விலங்கியல் புத்தகத்தை எடுத்து, மண்புழுப் பக்கத்தை விரித்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் படத்தைப் பார்த்தான். கம்பியூட்டரைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"பணுவா?" என்றான். புழுவா?

"பணுவா, பணுவா!" என்று நானும் றிஸ்வியும் தலையாட்டினோம்.

பின்னால் நின்ற சிப்பாய் சிரித்தான். பிறகு முன்னால் நின்றவன், றிஸ்வி, படிவாசலில் வந்து நின்ற மெனிக்கே அம்மா, நான், எல்லாரும் சிரித்தோம். பயம் விட்டால் வரும் சிரிப்பு, நிற்பாட்ட முடியவில்லை. தன் தங்கைக்கும் ஒரு கம்பியூட்டர் வாங்க வேண்டும், இதுதான் நல்லதா என்று மீசை வராத அந்தச் சிப்பாய்ப் பிள்ளை றிஸ்வியிடம் விசாரித்தான்.

அப்போதுதான் நான் திரும்பி இவரைப் பார்த்தேன்.

சுவரோடு சுவராக நின்றார். வலது கையில் அடையாள அட்டை. கையை நேரே நீட்டிப் பிடித்திருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதுமே கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிருக்க வேண்டும். நாங்கள் சிரித்த அத்தனை நேரமும் அப்படியே நின்றிருக்கிறார்.

"மாத்தயா, அது வேண்டாம்" என்றான் சிப்பாய், சிரிப்பு அடங்கி. இவர் கையை இறக்கவில்லை. நான் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். குளிர்ந்து கிடந்தது.

நூறு தடவை

சிப்பாய்கள் போன பிறகு மெனிக்கே அம்மா வெட்கத்தோடு ஒரு பிரித் நூல் கொண்டுவந்து, கம்பியூட்டர் பெட்டியைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். பன்சலையில் பிக்குமார் ஓதிக் கொடுத்ததாம். "இதுவும் நல்லதுதான், ஆனா கெழமைக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும்" என்றார் றிஸ்வி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

புழு போய்விட்டது. எந்தக் கோப்புக் கெட்டது, எது நல்லது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த றிஸ்வி ஓரிடத்தில் நின்றார்.

"சேர், இந்தக் கடிதம் ரெண்டு வருசத்துக்கு மொதல்ல எழுதினது. நூறு தடவைக்கு மேல சேவ் பண்ணி ஈக்கிறீங்க. ஒண்டரப் பக்கம்தானே? அப்பிடி என்னத்த மாத்தினீங்க?"

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

டெலிபோன் வயரை மறுபடி மாட்டியதும் ஒரு கடிதம் வந்து விழுந்தது. தூதரகத்திலிருந்து. அந்த முகவரியையும் இவர் எழுதி வைத்திருந்திருக்கிறார். இரண்டு வருடம் இவர் அனுப்பத் துணியாத கடிதத்தைப் புழு அனுப்பியிருந்தது. பதில் ஒரே வரி: இந்த அலுவலகம் ஆலோசனை வழங்குவதில்லை.

உலகத்திலேயே ஆலோசனை சொல்ல மறுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

றிஸ்வி போனபோது விளக்கு வைக்கிற நேரம். நான் இவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அலுமாரிக்கதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது?"

"சரி. அந்தக் கடைசி வசனம்? புழு கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொல்லமாட்டன். ஆலோசனை வேணுமெண்டால் வாயாலை கேளுங்கோ."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அட்டை பிடித்த கை. பிறகு கேட்டார்: "போவமே?"

இரண்டு நாளாக இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். மாட்டன், பள்ளிக்கூடத்திலை என்ரை பிள்ளையளின்ரை சோதினை முடியவேணும், குளிர் ஒத்துவராது, ஆரைக் கேட்டு எழுதினீங்கள் என்று பொரிந்து தள்ளுவதாக உத்தேசம். வாய் திறந்தபோது அந்தக் கையின் குளிர்தான் என் உள்ளங்கையில் இருந்தது.

"ஓம், போவம்" என்றேன்.

இவர் முகம் செத்துப்போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"இதுக்குத்தான்" என்றார்.

"எதுக்கு?"

"நீர் ஓம் எண்டு சொல்லிப்போடுவீர், பிறகு போகத்தான் வேணும் எண்ட பயத்திலைதானப்பா இவ்வளவு நாளும் கேக்காமல் இருந்தனான்."

"விசர் மனுசன்" என்று ஏசிக்கொண்டே நான் அழுதேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு உப்பு. அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.